ஜீப் மிஸ்ஸிங்கும் ஆடும் டைமிங்கும்: டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் மாற்றிய கதை

பர்மாவில், மௌல்மீனில் மாமா வீட்டு ஜீப் மூன்று மழைக்காலமாக மிஸ்ஸிங் (நடுநடுவே பெட்ரோல் எரியாமல் விட்டுப்போவது) அடித்துக்கொண்டிருந்தது. ஐடிலில், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது, நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை ஒரு தட்டு விட்டுப்போகும், கியாய்க்தன்லான் பயாவுக்கு (புத்தக் கோயிலுக்கு) ஏறுகிற மேட்டில் இரண்டாவது கியரில் மிதித்தால் கார்ப்பரேட்டர் வாய் வழியாக டப் என்று இருமும், இறங்கும்போது காலை எடுத்தால் சைலன்சரில் பட்டாசு வெடிக்கும். சில காலைகளில் கிராங்க் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் கையை உதறித் தள்ளும், அடுத்த காலை அதே ஜீப் அரைச் சுற்றில் பூப்போலக் கிளம்பும். எஞ்சின் சூடா, ஆறியதா என்பதெல்லாம் இதற்குக் கணக்கே இல்லை. இந்த ஒழுங்கில்லாமைதான் எல்லாரையும் சுற்ற வைத்தது, என்னையும் சேர்த்து.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் வில்லிஸ் என்றுதான் கூப்பிடுவோம், ஆனால் இது போர்க்காலத்தில் ஃபோர்டு கம்பெனி செய்த ஜிபிடபிள்யூ. போல்ட்டுத் தலைகளில் சின்னதாக எஃப் எழுத்து அடித்திருக்கும், அழுக்கைத் துடைத்துப் பார்த்தால் இன்னும் தெரிகிறது. எஞ்சின் வில்லிஸ் வடிவமைத்த அதே 134 கன அங்குலம், அதாவது 2.2 லிட்டர், சைடு வால்வு, நாலு சிலிண்டர், 60 குதிரைத்திறன். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழுகிற வரிசை, 1-3-4-2. போர் முடிந்து இங்கேயே தங்கிப்போன ஜீப்புகளில் பலவற்றுக்கு ஜப்பான் டீசல் எஞ்சின் ஏற்றிவிட்டார்கள், எங்கள் மாமா மட்டும் பெட்ரோல் எஞ்சினை விடமாட்டேன் என்று இருக்கிறார். 1970 டிசம்பரில் பர்மாவில் எல்லா வண்டியையும் சாலையின் வலப்பக்கம் ஓட்டச் சொல்லி மாற்றியபோது மற்ற பழைய கார்களெல்லாம் தவறான பக்கம் ஸ்டியரிங்கோடு நின்றன. இந்த ஜீப்புக்கு ஸ்டியரிங் முதலிலிருந்தே இடப்பக்கம், அதனால் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியது என்று மாமா இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

மாமாவின் தீர்ப்பு முதல் நாளே தயாராக இருந்தது. "மாப்பிள்ளை, கார்ப்பரேட்டர்ல குப்பை. கழட்டி ஊதிவிடு, போதும்."

"மூணு தடவை கழட்டியாச்சு மாமா, ஒவ்வொரு தடவையும் நாலு நாள்தானே நல்லா ஓடுச்சு. முதல்ல கரண்டு பக்கம் பார்த்துடுறேன், அதுல ஒண்ணுமில்லன்னா நீங்க சொன்ன மாதிரியே செய்யலாம்" என்றேன். கார்ப்பரேட்டர் குற்றம் பெரும்பாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்: மிதித்தால் எப்போதும் திணறும், அல்லது ஐடிலில் எப்போதும் நிற்கும். இது நாளுக்கு ஒரு முகம் காட்டுகிறது. அதனால் கார்ப்பரேட்டரில் கைவைப்பதில்லை, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் மாற்றுவது, மாற்றியதைச் சிலேட்டில் எழுதுவது என்று முடிவு செய்துகொண்டு ஆரம்பித்தேன். நாலு பொருளை ஒன்றாக மாற்றிவிட்டு வண்டி சரியானால் எது குற்றம் என்று தெரியாமலே போய்விடும், திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்துகிற அளவு. நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்து, ஸ்டார்ட்டரில் சுற்ற விட்டேன். 96, 98, 93, 97 பிஎஸ்ஐ. எண்பது வயது எஞ்சினுக்கு இது நல்ல கணக்கு. அளவைவிட நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம், வால்வு எரிந்திருந்தால் ஒன்று மட்டும் படுத்திருக்கும். எஞ்சின் உள்பக்கம் சரி.

அப்புறம் எந்தச் சிலிண்டர் விடுகிறது என்று பார்க்கிற பழைய முறை. ஐடிலில் ஓடவிட்டு ஒவ்வொரு பிளக் வயராக எடுத்து எஞ்சின் உடம்பில் தொடவைக்க வேண்டும். (வயரை அந்தரத்தில் விடாதீர்கள், போக இடமில்லாத மின்சாரம் காயிலின் உள்ளே பாயும், காயில் கெடும். ரப்பர் கைப்பிடி வைத்த குறடும் காய்ந்த கையும் அவசியம்.) வேலை செய்கிற சிலிண்டரின் வயரை எடுத்தால் எஞ்சின் தொய்யும், செத்த சிலிண்டரின் வயரை எடுத்தால் ஒன்றும் மாறாது. நான் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எடுத்தேன், நாலுமே தொய்ந்தன. மறுபடி எடுத்தேன், அப்படியே. அதாவது மிஸ்ஸிங் ஒரு சிலிண்டரில் குடியிருக்கவில்லை, நாலு வீட்டுக்கும் சுற்றி வருகிறது. இது பெரிய துப்பு. பிளக், பிளக் வயர், வால்வு என்றால் ஒரே சிலிண்டரில் நிற்கும். சுற்றி வருகிறது என்றால் நாலுக்கும் பொதுவாக இருக்கிற ஒன்றில்தான் கோளாறு: காயில் (பேட்டரி மின்சாரத்தைப் பொறி அளவுக்கு ஏற்றுவது), கண்டென்சர் (பாயிண்ட் கருகாமல் காப்பது), பாயிண்ட் (திறக்கிற நொடியில் பொறியைக் கிளப்புகிற சுவிட்ச்), ரோட்டார் (சுற்றிச் சுற்றி ஒவ்வொரு வயருக்கும் மின்சாரத்தைக் கொடுப்பது), கேப்பின் (அதன் மேல்மூடியின்) நடுக்கரி, அல்லது பொறியை நாலுக்கும் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்ட். கடைசியாகச் சொன்னதை யாரும் நினைப்பதில்லை, நானும் அன்றைக்கு நினைக்கவில்லை.

அன்று இரவு கரண்டு கட். ஊரே இருட்டு, எனக்கு அது வசதியாகப் போயிற்று. ஜீப்பை ஓடவிட்டு பானட்டைத் திறந்து, பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற குப்பியால் காயிலைச் சுற்றியும் வயர்களின் மேலும் பனி மாதிரி ஊதினேன். எங்கள் ஊரில் ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் மாதத்துக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும், எதில் ஓட்டை இருந்தாலும் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். காட்டியது. கேப்பின் ஓரத்தில், மூன்றாம் வயர் ஏறுகிற கோபுரத்திலிருந்து கிளிப் வரைக்கும் நீல நூல் ஒன்று ஓடி ஓடி மறைந்தது. காலையில் கழற்றிப் பார்த்தபோது அதே இடத்தில் பென்சிலால் கோடு கிழித்த மாதிரி கரித்தடம். கேப்பை மாற்றினேன். மிஸ்ஸிங் பாதியாகக் குறைந்தது, போகவில்லை. சிலேட்டில் எழுதினேன்: கேப், பாதி.

அடுத்தது காயில். இந்த ஜீப் பிறப்பில் 6 வோல்ட். எப்போதோ ஒரு பட்டறையில் 12 வோல்ட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள், ஆல்டர்னேட்டர் ஏறியிருக்கிறது, விளக்குகள் மாறியிருக்கின்றன, காயில் மட்டும் பழைய 6 வோல்ட்டே. மின்சாரத்தைக் குறைக்க வழியில் ரெசிஸ்டரும் போடவில்லை. மீட்டர் வைத்து காயிலின் பிரைமரியை அளந்தால் 1.4 ஓம். ஓடும்போது ஆல்டர்னேட்டர் 13.8 வோல்ட் தருகிறது, 13.8-ஐ 1.4-ஆல் வகுத்தால் பாயிண்ட் மூடியிருக்கிற நேரத்தில் 10 ஆம்பியரை நெருங்கும். பாயிண்ட் தாங்கக்கூடியது ஏறக்குறைய 4, 5 ஆம்பியர்தான். பாயிண்டின் முகம் ஏன் நீலம் பாரித்துக் கருகிக் கிடந்தது, காயிலில் ஏன் கைவைக்க முடியவில்லை என்பது அப்போது விளங்கியது. சென்னையிலிருந்து வந்த உறவுக்காரர் புதுப்பேட்டையில் வாங்கிக் கொடுத்த 12 வோல்ட் காயில், 3 ஓம், அதைப் போட்டேன். பாயிண்ட் புதுசு, கண்டென்சர் 0.2 மைக்ரோஃபாரட்டை ஒட்டியது. பாயிண்ட் இடைவெளி 20 தவு (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது அரை மில்லிமீட்டர். பிளக் 30 தவு.

இதில் நன்றாகவே முன்னேற்றம். பொறி வெளிறிப்போன மஞ்சளிலிருந்து நீலத்துக்கு வந்தது, சைலன்சர் வெடி நின்றது. ஆனால் மேட்டில் இருமல் அப்படியே. ஐடிலில் அந்த விட்டுப்போகிற தட்டும் இருந்தது. மாமா வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

சரி, டைமிங், அதாவது பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கும்போது பொறி விழுகிறது என்பது. இந்த எஞ்சினில் குறி முன்பக்கப் புல்லியில் இல்லை, ஃபிளைவீலில் இருக்கிறது. வலப்பக்கம் ஃபிளைவீல் கூட்டில் ஸ்டார்ட்டர் பக்கம் ஒரு சின்ன மூடி, அதைத் தள்ளினால் ஜன்னல் மாதிரி ஓட்டை. எஞ்சினை மெல்லச் சுற்றினால் டிசி என்ற குறி வரும், அது பிஸ்டன் உச்சியில் நிற்கிற இடம், அதற்கு 5 டிகிரி முன்னால் ஐஜிஎன் என்ற குறி, அது பொறி விழ வேண்டிய இடம். பல்லாண்டு எண்ணெய் அழுக்கைத் துணியால் துடைத்துவிட்டு, மாமாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு எடுத்து ஐஜிஎன் கோட்டில் தீற்றினேன். பெயிண்ட் காயக் காத்திருக்க வேண்டாம், வெள்ளை வெளேரென்று தெரியும், ஒரு நாள் வரைக்கும் நிற்கும். பக்கத்துத் தெரு நண்பரிடம் டைமிங் லைட் (பொறி விழுகிற ஒவ்வொரு நொடியும் மின்னுகிற விளக்கு) இரவல் வாங்கி முதல் வயரில் மாட்டி அடித்தேன்.

கோடு ஒரு இடத்தில் நிற்கவே இல்லை. வழக்கமாக டைமிங் தப்பாக இருந்தால் கோடு நடுவிலிருந்து தள்ளி நிற்கும், ஆனால் நிற்கும். இது ஜன்னலின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையில் தாவுகிறது, சில நொடி ஜன்னலுக்கு வெளியே போய்க் காணாமலே போகிறது. ஒரே சிலிண்டருக்கு ஒரு சுற்றில் சீக்கிரம் பொறி, அடுத்த சுற்றில் தாமதம். இப்படி இருக்கிற எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அது சராசரிக்குத்தான் டைமிங். முன்பு பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் ஏன் வேறு வேறு இடத்தில் திருகி வைத்திருந்தார்கள் என்பது அங்கேதான் புரிந்தது. அவரவர் பார்த்த நேரத்தில் அவரவர் வைத்தது சரியாகத்தான் இருந்திருக்கும்.

எஞ்சினை நிறுத்தினேன். கேப்பைக் கழற்றி, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற முனைக்கும் பாடிக்கும் நடுவே 12 வோல்ட் டெஸ்ட் விளக்கு ஒன்று மாட்டி, இக்னிஷன் போட்டேன். பாயிண்ட் மூடியிருந்தால் மின்சாரம் அது வழியாகவே பூமிக்கு இறங்கிவிடும், விளக்கு எரியாது. பாயிண்ட் திறந்த நொடியில் விளக்கு எரியும், பொறி விழுகிற நொடியும் அதுதான். ஹேண்டிலால் மெல்லச் சுற்றி விளக்கு எரிய ஆரம்பிக்கிற இடத்தில் எஞ்சினை நிறுத்தினேன். அப்புறம் சும்மா, எதையும் எதிர்பார்க்காமல், கட்டைவிரலால் ரோட்டாரின் தலையைப் பக்கவாட்டில் அழுத்தினேன்.

விளக்கு அணைந்தது. விரலை எடுத்தேன், எரிந்தது. அழுத்தினேன், அணைந்தது.

எஞ்சின் அசையவில்லை, பிஸ்டன் அசையவில்லை, ஃபிளைவீல் குறி இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆனால் பாயிண்ட் திறந்து மூடுகிறது. அப்புறம் பாயிண்ட் முழுக்கத் திறக்கிற இடத்துக்கு எஞ்சினைச் சுற்றி நிறுத்தி, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கிற தகட்டை) எடுத்துச் செருகினேன். சும்மா விட்டால் 20 தவு, சரியாக. ஒரு பக்கம் அழுத்தினால் 12, எதிர்ப்பக்கம் இழுத்தால் 23. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் நிற்கிற வெண்கல புஷ் (குழாய் மாதிரித் துண்டு) தேய்ந்து ஓட்டை பெரிதாகிவிட்டது, ஷாஃப்ட் அதற்குள் மத்து மாதிரி ஆடுகிறது. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறி தாமதம். கூடினால் சீக்கிரம் திறக்கும், காயில் நிறையவும் நேரம் போதாது, பொறியும் மெலியும். இடைவெளியை நாம் எப்போதும் எஞ்சின் நிற்கும்போதுதான் அளக்கிறோம். அப்போது பாயிண்ட் ஸ்பிரிங் ஷாஃப்ட்டை ஒரே பக்கம் தள்ளி வைத்திருப்பதால் கணக்கு ஒவ்வொரு தடவையும் 20 என்றே வந்தது. ஓட ஆரம்பித்ததும் அந்த 20 இல்லை. மூன்று வருடம், எத்தனை பேர் கை வைத்தார்கள், எல்லாரும் கேஜ் வைத்துச் சரி என்று பார்த்துவிட்டுத்தான் மூடியிருக்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில் உடம்பே சிலிர்த்தது, மாமாவைக் கூப்பிட்டு அவர் விரலாலேயே அழுத்திப் பார்க்கச் சொன்னேன். ஏழெட்டு தடவை அழுத்தினார். "இவ்வளவுதானாடா" என்றார்.

இவ்வளவு மட்டும் இல்லை. ரோட்டாரை அது சுற்றுகிற திசையில், மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், லேசாகத் திருப்பி விட்டால் ஸ்பிரிங் இழுத்து டக்கென்று திரும்பி வர வேண்டும். இது பாதி வந்து நின்றுகொண்டது. உள்ளே வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முன்னால் தள்ளுகிற எடைகள், பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகி ஒட்டிக்கொண்டிருந்தன. சில நேரம் எடை உள்ளே வந்து உட்காரும், சில நேரம் விரிந்தபடியே நின்றுவிடும். விரிந்தபடி நின்ற காலையில் கிளப்பினால் பொறி மிகச் சீக்கிரம் விழுந்து ஹேண்டில் கையை உதறுகிறது, உட்கார்ந்த காலையில் பூப்போலக் கிளம்புகிறது. (அந்த உதறலில் மணிக்கட்டு போனவர்கள் உண்டு. கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.)

டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுப்பது எளிது. ஒரு கிளாம்ப் போல்ட், வயர்கள், நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். எடுக்கும் முன் ரோட்டார் பார்க்கிற திசையையும் பாடி நிற்கிற இடத்தையும் ஆணியால் கீறி வைத்தேன். ஷாஃப்ட்டின் அடியில் இருக்கிற நாக்கு நடுவில் இல்லாமல் ஓரம் தள்ளி இருக்கும், ஆயில் பம்ப் ஷாஃப்ட்டில் அதற்கேற்ற பள்ளம், அதனால் ஒரே ஒரு வழியில்தான் இறங்கும், 180 டிகிரி மாற்றிப் போட முடியாது. இதை வடிவமைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

வெளியே எடுத்துத் துடைத்தபோதுதான் மூலகாரணம் தெரிந்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒரு சின்ன எண்ணெய்க் கிண்ணி, புஷ்ஷுக்கு எண்ணெய் போகிற வழி. வண்டிக்கு யாரோ பச்சைப் பெயிண்ட் அடித்தபோது அதன் மேலேயும் அடித்துவிட்டார்கள், மூடி அப்படியே ஒட்டிப்போய்விட்டது. அது மூடி என்றே தெரியாத அளவுக்குப் பெயிண்ட். எத்தனை வருடம் அந்த ஷாஃப்ட் வறண்டு சுற்றியதோ.

புஷ் கடைகளில் கிடைக்காது. கடைசல் பட்டறையில் கொடுத்தேன், அங்கே இருக்கிற சயா (பர்மிய மொழியில் வாத்தியார், இங்கே கைத்தொழில் தெரிந்த எவரும் சயாதான்) எழுபது வயதைத் தாண்டியவர். முதலில் ஷாஃப்ட்டைத்தான் அளந்தார், புஷ்ஷை அல்ல. ஷாஃப்ட்டும் தேய்ந்திருந்தால் பழைய அளவுக்குப் புஷ் கடைந்து பயனில்லை என்றார். ஷாஃப்ட் ஒரே ஒரு இடத்தில் முடியளவு வரித்திருந்தது, மெருகேற்றிவிட்டு அந்த அளவுக்கே கன்மெட்டலில் புஷ் கடைந்தார். உள்விட்டத்தைக் கொஞ்சம் இறுக்கமாக விட்டு, பிரஸ்ஸில் இறக்கிய பிறகு ரீமர் (ஓட்டையைத் துல்லியமாகச் சீவுகிற கருவி) போட்டார், ஏனென்றால் அழுத்தி இறக்கும்போது புஷ் சுருங்கும். எண்ணெய் ஓட்டை கிண்ணிக்கு நேராக வருகிறதா என்று மூன்று தடவை பார்த்தார். டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம்: முன்பு கால் மில்லிமீட்டர் ஆட்டம், இப்போது முள் 0.03-ஐத் தாண்டவில்லை. நான் எடைகளையும் பின்களையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துலக்கி, துளி எண்ணெய் விட்டு மாட்டினேன், இரண்டு ஸ்பிரிங்கும் நல்ல நிலையில் இருந்தன.

திரும்ப மாட்டி டைமிங் வைத்த விதம் இது, டைமிங் லைட் இல்லாதவர்களும் செய்யலாம். முதல் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் விரல் வைத்து ஹேண்டிலைச் சுற்றினால் காற்று விரலைத் தள்ளும், அது கம்ப்ரஷன். அங்கிருந்து மெல்ல மெல்லச் சுற்றி ஐஜிஎன் கோட்டை ஜன்னலின் நடுவில் நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் பின்னால் திருப்பாதீர்கள், கேம் ஷாஃப்ட் ஓட்டத்தில் உள்ள தளர்ச்சி கணக்கைக் கெடுக்கும், மறுபடி முழு இரண்டு சுற்று சுற்றி வாருங்கள். கிளாம்ப்பைத் தளர்த்தி, விளக்கு அணைகிற வரை டிஸ்ட்ரிபியூட்டர் பாடியை ரோட்டார் சுற்றுகிற திசையிலேயே திருப்பி, அப்புறம் எதிர்த்திசையில் மூச்சுப் பிடித்து நகர்த்தி, விளக்கு எரிகிற நொடியில் நிறுத்தி இறுக்க வேண்டும். இறுக்கும்போதே கொஞ்சம் நகரும், அதனால் இன்னொரு தடவை சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது. எனக்கு மூன்றாவது தடவைதான் சரியாக உட்கார்ந்தது.

பழைய 5 டிகிரி போர்க்காலப் பெட்ரோலுக்கு வைத்த கணக்கு. இன்று இங்கே போடுவது 92 ஆக்டேன், இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதமோ 6.48 தான், அதனால் இன்னும் ஓரிரண்டு டிகிரி முன்னால் வைத்தாலும் எஞ்சின் தட்டாது (பெட்ரோல் தானாக வெடித்து டக் டக் என்று அடிக்காது). மேட்டில் ஓட்டிப் பார்த்து இரண்டு டிகிரி கூட்டினேன், தட்டவில்லை, இழுவை கூடியது. அதற்கு மேல் பேராசைப்படவில்லை.

டைமிங் லைட்டை மறுபடி அடித்தபோது சுண்ணாம்புக் கோடு ஜன்னலில் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் ஒரே சீராக நகர்ந்து போகிறது, விட்டால் அதே இடத்துக்கு வந்து நிற்கிறது. அதையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐடில் இப்போது தையல் மிஷின் மாதிரி இருக்கிறது. மாமா பயாவுக்கு ஏறுகிற மேட்டில் இரண்டாவது கியரில் போய், பாதியில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி எடுத்துப் பார்த்தார், ஒரு இருமல் இல்லை. கார்ப்பரேட்டரை இந்த வேலை முடிகிற வரை நான் தொடவே இல்லை. நூறு மைல் ஓடிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், நாலும் ஒரே வெளிர் பழுப்பு, முன்பு இரண்டு கரியாகவும் இரண்டு வெள்ளையாகவும் இருந்தவை.

எண்ணெய்க் கிண்ணியின் மூடியில் இருந்த பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதைச் சுற்றி மட்டும் சிவப்பில் ஒரு வட்டம் போட்டேன். மாதப் பிறப்பு அன்று சில துளி எஞ்சின் ஆயில், ரோட்டாருக்கு அடியில் இருக்கிற திரிக்கு ஒரு துளி. மாமா அதற்கென்று தனியாக ஒரு சொட்டு மருந்துக் குப்பி வைத்துக்கொண்டார். வரும் ஞாயிறு தான்பியூசயாட் பக்கம் சொந்தக்காரர் ரப்பர் தோட்டத்துக்கு ஜீப்பிலேயே போகிறோம், போக 40 மைல், வர 40 மைல், ஹேண்டிலை நான்தான் சுற்ற வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார்.